நம்ம காசுல நமக்கே பொன்னாடை

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு எங்கள் தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஒரு தங்கை தனியாக மெசேஜ் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு ‘ஆனர் சொசைட்டி’, அதாவது நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைக் கௌரவிக்கும் சங்கம், அனுப்பிய கடிதத்தின் போட்டோ. க்ரீம் நிறத் தடித்த காகிதம், மேலே தங்க முத்திரை, நடுவில் சாய்ந்த எழுத்தில் அவள் பையன் பெயர். கேட்டிருந்தது ஒரே வரி: “அக்கா, இது ஜெனுவினா? நாளைக்குத்தான் கடைசி தேதியாம்.”

கடைசி தேதி நாளைக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு 2016-ல் இதே மாதிரிக் கடிதம் வந்தபோது அதற்கு மூன்று ‘இறுதி நினைவூட்டல்’கள் வந்தன. மூன்றாவது வந்தபோது நாங்கள் பணம் கட்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

பெரியவள் அப்போது பத்தாவது. நியூஜெர்சிக்கு வந்து நாலு வருஷம். தபால்பெட்டியில் கரண்ட் பில்லுக்கும் பீட்சா கூப்பனுக்கும் நடுவே அந்தக் கவர் கல்யாணப் பத்திரிகை மாதிரி கனமாக இருந்தது. நாட்டின் மிகச் சிறந்த மாணவர்களில் ஒருத்தியாக உங்கள் மகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாள், இந்த அழைப்பு எல்லாருக்கும் போவதில்லை, உறுப்பினரானால் கோடிக்கணக்கில் ஸ்காலர்ஷிப், கல்லூரி அட்மிஷனில் தனி மதிப்பு, வாழ்நாள் முழுக்க உறுப்பினர் அந்தஸ்து. கட்டணம் 60 டாலர். வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “அறுபதுதானே” என்றார். ஏமாறுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் எப்போதும் சொல்லப்படும் சொல் அந்தத் ‘தானே’.

சான்றிதழ் வந்தது. அதைப் போட்டோ எடுத்துக் கும்பகோணத்துக்கு அனுப்பினோம். அத்தை அதை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிசாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடி ஃப்ரேம் மாட்டி, கூடத்தில் மாமா படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் “பேத்திக்கு அமெரிக்க கவர்மென்ட் குடுத்தது” என்று விளக்கம். நாங்கள் திருத்தவில்லை. கவர்மென்ட் இல்லை என்றால் வேறு யார் கொடுத்தது என்று கேட்பாரே, அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

சந்தேகத்தைக் கிளப்பியது பெரியவள்தான். கடிதத்தின் இரண்டாவது பத்தியில் ‘கடல் உயிரியலில் தாங்கள் காட்டிவரும் ஆர்வம்’ என்று ஒரு வரி இருந்தது. அவளுக்கு நீச்சலே தெரியாது. கடற்கரைக்குப் போனால் மணல் ஒட்டுகிறது என்று காருக்குள் உட்கார்ந்து கொள்பவள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். ஒன்பதாவது படிக்கும்போது வகுப்பில் ‘உன் எதிர்காலத் திட்டம்’ என்று நாலு பக்க சர்வே ஒன்று கொடுத்தார்களாம். பக்கத்தில் இருந்த தோழி கடல் உயிரியலை டிக் அடித்தாள், இவளும் அடித்துவைத்தாள். அந்த ஒரு டிக் பல மாதம் கழித்துத் தங்க முத்திரையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இது எங்கள் ஊகம் மட்டுமில்லை. இப்படி ஒரு வியாபாரம் இங்கே பல வருஷமாக நடக்கிறது. பள்ளிகளில் ஆசிரியர்கள் மூலமாகவே சர்வே நிரப்ப வைத்து, கல்லூரிகளுக்காக என்று சொல்லிவிட்டு, விவரங்களை வியாபாரிகளுக்கும் விற்றதாக 2002-லேயே நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குத் தொடுத்து, சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் சமரசத்துக்கு வந்தன. கல்லூரி சேர்க்கைக்கான எஸ்ஏடி பரீட்சை நடத்தும் காலேஜ் போர்டே மாணவர் விவரங்களைப் பகிர்ந்து பணம் பார்த்த விவகாரத்தில், 2024 பிப்ரவரியில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலோடு சமரசம் செய்துகொண்டு 7,50,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பிள்ளை பென்சிலால் கறுப்பாக்கும் ஒவ்வொரு வட்டத்துக்கும் எங்கேயோ ஒரு விலை இருக்கிறது.

இதிலிருந்துதான் எனக்கு ஒரு கேள்வி கிடைத்தது. இன்றுவரை யாராவது ‘ஜெனுவினா’ என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்கச் சொல்வது இதைத்தான்: என் பிள்ளையின் மார்க் உங்களுக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் ஃபெர்ப்பா என்று 1974-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. பெயர், முகவரி போன்றவற்றை ‘டைரக்டரி விவரம்’ என்று சொல்லிப் பள்ளி வெளியே தரலாம்; வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் அதையும் தரக் கூடாது. மார்க் அந்தக் கணக்கில் வராது. சம்பந்தமில்லாத வெளியாளுக்கு மார்க்கைத் தர வேண்டுமென்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும், கல்லூரிக்குப் போய்விட்டால் பிள்ளையின் கையெழுத்து. நாங்கள் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. அப்படியிருக்க, ‘உங்கள் மகளின் சிறந்த மதிப்பெண்ணைக் கருதி’ என்று எப்படி எழுதினார்கள்? மெயில் போட்டுக் கேட்டேன். நாலாம் நாள் மரியாதையாகப் பதில் வந்தது. தகுதி விதிகள் இணையதளத்தில் இருக்கின்றனவாம், பொருந்துகிறதா என்று நாங்களே சரிபார்த்துக்கொள்ளலாமாம். தேர்வு செய்ததே நாங்கள்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதை மோசடி என்று சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். 60 டாலர் வாங்கினார்கள், சொன்னபடி சான்றிதழ் அனுப்பினார்கள். போலீசுக்குப் போனால் என்ன புகார் கொடுப்பது? ‘எங்களைப் புகழ்ந்துவிட்டார்கள்’ என்றா? நம் ஊரில் இதற்குப் பழைய ஏற்பாடு உண்டு. விழா அமைப்பாளரிடம் முன்கூட்டியே பணம் கொடுத்து, அந்தப் பணத்திலேயே அவர் வாங்கிவந்த பொன்னாடையை மேடையில் வெட்கத்தோடு குனிந்து போர்த்திக்கொள்வது. எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. சில சமயம் எல்லை மீறும்: 2023 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக அரங்கத்திலேயே ஒரு அமைப்பு விழா நடத்தி, சினிமாப் பிரபலங்களுக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்புறம் பல்கலைக்கழகமே எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று போலீசில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று. இங்கேயும் ‘ஹூ இஸ் ஹூ அமங் அமெரிக்கன் ஹைஸ்கூல் ஸ்டூடன்ட்ஸ்’ என்று தலையணை கனத்துக்குப் புத்தகம் போட்டு, அதில் பெயர் வந்த பிள்ளைகளின் வீட்டுக்கே விற்றுக்கொண்டிருந்தார்கள். 1960-களில் தொடங்கி 2007 வரை ஓடியது.

பெயர் வைப்பதில் இருக்கிறது சூட்சுமம். ‘நேஷனல்’, ‘ஆனர்’, ‘ஸ்காலர்ஸ்’, ‘சொசைட்டி’ என்ற நாலு சொல்லையும் சோழி மாதிரி குலுக்கிப் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு புது அமைப்பு விழும். இந்தச் சொற்களுக்குச் சட்டக் காவல் எதுவும் கிடையாது, இந்தச் சங்கங்கள் பெயராக வைத்துக்கொள்ளும் கிரேக்க எழுத்தும் யார் வீட்டுச் சொத்தும் இல்லை. திருச்சி பைபாஸில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டு நிற்கிறதே, அந்த மாதிரி. கும்பகோணத்துக்காரியாகச் சொல்கிறேன், அங்கே எங்கள் ஊரோடு சம்பந்தமுள்ளது பித்தளை டபரா டம்ளர் மட்டும்தான்.

நிஜமான நேஷனல் ஆனர் சொசைட்டி 1921-ல் பள்ளித் தலைமையாசிரியர்களின் தேசிய சங்கம் தொடங்கியது. அது பள்ளிக்குள்ளேயே நடக்கிறது. அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் ஐந்து பேர் கொண்ட குழு உட்கார்ந்து, படிப்பு, சேவை, தலைமை, குணம் என்று நாலையும் பார்த்துத்தான் சேர்க்கிறது. மாணவரிடம் வருஷத்துக்கு 20 டாலருக்கு மேல் சந்தா வாங்கக் கூடாது என்று விதி. தபாலில் வராது. எங்கள் பெரியவளுக்கு அதுவும் பதினோராவதில் கிடைத்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாதாரண வெள்ளைத் தாளில் ஒரு துண்டுச் சீட்டு. அதை அவள் ஸ்கூல் பையில் கசக்கி வைத்திருந்து, துணி துவைக்கும்போதுதான் நான் பார்த்தேன். அதற்கு யாரும் ஃப்ரேம் போடவில்லை.

60 டாலரோடும் விஷயம் முடியவில்லை. உறுப்பினரானவுடன் கடை திறந்தது. பதக்கம், மேசையில் வைக்கும் பலகை, பெயர் பொறித்த பேனா, தாத்தா பாட்டிக்கு இன்னொரு சான்றிதழ், பட்டமளிப்பு கவுன் மேல் போட்டுக்கொள்ளும் இரட்டைக் குஞ்சக் கயிறு. கயிறு மட்டும் வாங்கினோம், அதையும் மறைப்பானேன். 2019 ஜூனில் கவுன் கொடுக்கும் நாளன்று பெரியவள் அதைக் கையில் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றாள். பள்ளிக் கவுன்சிலர் அம்மாள் (நம் ஊர் வார்டு கவுன்சிலர் இல்லை, படிப்புக்கு யோசனை சொல்பவர்) கயிற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். நிறத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, “கண்ணு, இது மேடைக்கு வேண்டாம், நம்ம ஸ்கூல்ல இருக்கிற சங்கங்களோடது மட்டும்தான் போடலாம்” என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். மூன்று வருஷமாக இதே கயிற்றோடு வருபவர்களுக்கு இதையே சொல்லிக்கொண்டிருப்பார் போல, அத்தனை மெதுவாகச் சொன்னார். பெரியவள் அதைச் சுருட்டி என் ஹேண்ட்பேக்கில் போட்டாள். காரில் வரும்போது பேசவில்லை. அறுபது டாலர் போனதுகூடப் பரவாயில்லை, அந்த ஒரு நிமிஷத்துக்கு இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தக் கடிதம் அடுக்கியிருந்த பலன்களைப் பிறகு ஒருநாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஃபெடரல் அரசு வேலையில் கூடுதல் சம்பளம் என்பது ஒன்று. இது முழுப் பொய்யும் இல்லை. பட்டதாரி சாதாரணமாக ஜிஎஸ்-5 என்ற சம்பள நிலையில் சேர்கிறார். படிப்பில் சிறந்தவர் என்று காட்டினால் ஜிஎஸ்-7-ல் சேரலாம். அப்படிக் காட்டும் வழிகளில் அங்கீகரிக்கப்பட்ட ஆனர் சொசைட்டி உறுப்பினர் என்பதும் ஒன்று. ஆனால் அது கல்லூரி நிலைச் சங்கங்களுக்குத்தான். முதலாண்டு மாணவர் சங்கங்களைக்கூட ஏற்பதில்லை. அதைவிட முக்கியம், 4-க்கு 3.0 ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) இருந்தாலே போதும், அல்லது வகுப்பில் முதல் மூன்றிலொரு பங்கில் இருந்தாலும் போதும். அதுகூட இல்லாத பிள்ளையை எந்த உருப்படியான சங்கம் கூப்பிடும்? இதில் எங்களுக்கு இன்னொரு கூத்தும் உண்டு. அப்போது நாங்கள் கிரீன் கார்டு வரிசையில். பெரியவள் எச்-4 விசா, வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருவது. ஃபெடரல் வேலைக்கு அநேகமாகக் குடியுரிமை வேண்டும். கிடைக்க வழியே இல்லாத வேலையில் கூடுதல் சம்பளத்துக்கு அட்வான்ஸ் கட்டியிருக்கிறோம்.

அடுத்தது அட்மிஷன். பல கல்லூரிகளுக்கும் ஒரே படிவமாகப் போடும் காமன் ஆப் விண்ணப்பத்தில் பரிசு, கௌரவங்களுக்கென்று ஐந்து இடம்தான் தருகிறார்கள். பெரியவள் அந்த ஐந்தையும் நிரப்பும்போது இதைச் சேர்க்கவே இல்லை. “படிக்கிறவங்களுக்குத் தெரியாதாம்மா?” என்றாள்.

ஸ்காலர்ஷிப் விஷயம் சீட்டுக் கணக்குப் போட்டால் புரியும். ஒரு பேச்சுக்கு, வருஷத்துக்கு ஒரு லட்சம் பிள்ளைகள் 60 டாலர் கட்டிச் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 லட்சம் டாலர். அதிலிருந்து 500 பேருக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்தால் 5 லட்சம். தலைக்கு 5 டாலர் திரும்பி வருகிறது, மீதி 55 எங்கேயோ இருக்கிறது. எங்கே என்று பார்க்கவும் வழி உண்டு. அமைப்பு லாப நோக்கமற்றது என்று சொல்லிக்கொண்டால், வரித்துறைக்கு வருஷா வருஷம் படிவம் 990 கொடுக்க வேண்டும், அது பொது ஆவணம். அந்த வரித்துறையின் (ஐஆர்எஸ்) தளத்திலோ, ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் நடத்தும் நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரரிலோ பெயரைப் போட்டால் பிடிஎஃப் வந்துவிடும். நூறு பக்கம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். முதல் பக்கத்தில் 12-ஆம் வரி மொத்த வருமானம், 13-ஆம் வரி உதவித்தொகையாகக் கொடுத்தது, 15-ஆம் வரி சம்பளம். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பளம் குறைச்சலாக இருக்கிறதே என்று உடனே சந்தோஷப்படவும் வேண்டாம். சில இடங்களில் வேலையையெல்லாம் ஒரு தனியார் கம்பெனிக்கு ஒப்பந்தமாகக் கொடுத்திருப்பார்கள், அந்தக் கம்பெனி நிறுவனருடையதாகவோ அவர் குடும்பத்துடையதாகவோ இருக்கும். அது பகுதி 7-லும் ‘எல்’ என்ற இணைப்பிலும் தெரியும். 990-யே அகப்படவில்லை என்றால், அநேகமாக அது லாபத்துக்கு நடக்கும் கம்பெனி. கம்பெனி நடத்துவது குற்றமில்லை. கம்பெனி என்று கடிதத்தில் சொல்லியிருக்கலாம்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு நான் அடுத்த பக்கத்துக்குச் சாய்ந்துவிட்டேன். காசு கேட்டால் டுபாக்கூர். சூடு பட்ட பூனை கதைதான். ஆனால் காசு கேட்பதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது, நிஜமான சங்கங்களும் கேட்கின்றன. எல்லாவற்றுக்கும் மூத்தது ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பர் 5 அன்று, வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் ஆரம்பித்தது. சுதந்திரப் பிரகடனம் வந்து ஐந்தே மாதம். அதில் சேருகிறவர்களும் ஒரு தடவை பணம் கட்டுகிறார்கள். ஃபை கப்பா ஃபை 1897-ல் மெய்ன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. மூன்றாம் ஆண்டில் முதல் 7.5 சதவீதம், நாலாம் ஆண்டில் முதல் 10 சதவீதத்தைத்தான் கூப்பிடும், அதற்கும் கட்டணம் உண்டு. 1925-ல் ஏற்பட்ட அசோசியேஷன் ஆஃப் காலேஜ் ஆனர் சொசைட்டீஸ் என்ற கூட்டமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதைப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் ஃபை பீட்டா கப்பாவே இன்றைக்கு அதில் உறுப்பினர் இல்லை. பட்டியலில் இல்லாததெல்லாம் போலி என்று முடிவு கட்டினால் ஆக மூத்ததையே தூக்கி எறிந்தவர்கள் ஆவோம்.

நாங்கள் கிட்டத்தட்ட எறிந்துவிட்டோம். 2022 ஜனவரி, பெரியவள் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ‘தகுதி பெற்றிருக்கிறீர்கள்’ என்று ஒரு மெயில், கட்டணத்தோடு. எனக்கு ஃபார்வர்ட் செய்து, “அம்மா, உன் ஃப்ரெண்ட்ஸ் மறுபடி வந்துட்டாங்க” என்று எழுதியிருந்தாள். டௌ பீட்டா பை என்று பெயர். இன்னும் மூன்று கிரேக்க எழுத்து. டெலீட் பண்ணு என்றேன். பண்ணிவிட்டாள்.

பத்து நாள் கழித்து, காரிடாரில் எதிரே வந்த தெர்மோடைனமிக்ஸ் புரொபசர் நின்று, “நீ பதிலே போடலையே, வர்றதா இல்லையா?” என்று கேட்டாராம். அந்தச் சங்கத்துக்கு அவள் கல்லூரியில் இருக்கும் கிளைக்கு அவர்தான் ஆலோசகர். பட்டியல் எஞ்சினியரிங் டீன் அலுவலகத்திலிருந்து போயிருக்கிறது. மூன்றாம் ஆண்டில் முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்களை மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். ஃபை பீட்டா கப்பா கலை, அறிவியல் படிப்பவர்களுக்கு மட்டும் என்று இருந்த காலத்தில், எஞ்சினியர்களுக்கும் ஒன்று வேண்டும் என்று பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற சுரங்கவியல் பேராசிரியர் 1885-ல் தொடங்கியதுதான் டௌ பீட்டா பை. 60 டாலர் சங்கத்தில் நாங்கள் சேராமல் இருந்திருந்தால் அதை ஒரு ஜீவன் கவனித்திருக்குமா? நினைவூட்டல் அனுப்பும் கம்ப்யூட்டரைத் தவிர?

வாட்ஸ்அப் தங்கைக்கு அன்றிரவே இரண்டு வரிதான் எழுதினேன். மார்க் எப்படித் தெரியும் என்று அவர்களைக் கேள். பெயரைச் சொல்லிப் பள்ளிக் கவுன்சிலரைக் கேள். கட்டைவிரல் வந்தது. மூன்று நாள் கழித்து அவளே எழுதினாள்: “கேட்டேன்கா. நீங்க சொன்னது சரிதான். ஆனா மாமியார் ஏற்கெனவே மதுரை முழுக்க சொல்லிட்டாங்க, அதனால கட்டிட்டோம்.” நான் ஒன்றும் சொல்லவில்லை. கூடத்தில் ஃப்ரேம் தொங்கும் வீட்டுக்காரி என்ன சொல்ல முடியும்?

டௌ பீட்டா பையின் சின்னத்துக்கு ‘பென்ட்’ என்று பெயர், பழைய ரயில் பாலங்களைத் தாங்கும் கால்சட்டத்தின் வடிவம். பெரியவள் கிளையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேருகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் வார்ப்படத்திலிருந்து எடுத்த ஒரு சின்ன உலோக பென்ட்டைக் கொடுப்பார்கள். கறுத்து, ஓரமெல்லாம் பிசிறாக இருக்கும். அதை அரம் போட்டு, உப்புத்தாள் போட்டு, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துக்கொண்டு வர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஹாஸ்டல் அறைத் தரையில் நியூஸ்பேப்பரை விரித்து உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே, கும்பகோணத்துக்கு வீடியோ கால் போட்டிருந்தாள். நானும் லைனில் இருந்தேன். அத்தைக்குப் பின்னால் சுவரில் தங்க முத்திரைச் சான்றிதழ் தெரிந்தது.

“என்னடி கையெல்லாம் கறுப்பு?”

“ஒரு சங்கத்துல சேர்றேன் பாட்டி. இதைப் பளபளன்னு ஆக்கணுமாம்.”

“காசு குடுத்துமா சேர்றே? குடுத்துட்டு நீயேவா தேய்க்கணும்?”

“ஆமா பாட்டி.”

அத்தை போனைக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“பித்தளைதானே அது? புளியைக் கரைச்சு, கொஞ்சம் உப்பும் போட்டுத் தேய். அந்தத் தாளை வச்சுத் தேய்ச்சா கீறல் விழும்.”